வீட்டுப் பூனை கீறிவிட்டதா? முதல் 15 நிமிடத்திலிருந்து 28ஆம் நாள் வரை

போன மழைக்காலத்தில், தெருமுனையில் நின்ற காருக்கு அடியில் நனைந்து கத்திக்கொண்டிருந்த ஒரு பூனைக்குட்டியை என் மகள் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். இரண்டு மாதக் குட்டியாக இருக்கும். பஞ்சு என்று பெயர் வைத்தாள். மூன்றாம் நாளே அது அவள் தலையணையில் படுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் அவள் முழங்கையில் படர்தாமரை. அது ஆறுவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை விளையாட்டில் மணிக்கட்டில் கீறல், லேசாக ரத்தம்.

அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசியைத் திங்கட்கிழமைதான் போட்டோம். நடுவில் போன அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீங்களும் அப்படித் தவிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது சென்னைப் புறநகர். மற்ற ஊர்களில் ஆஸ்பத்திரி நேரமும் வரிசையும் மாறலாம், மருத்துவம் மாறாது.

1. வந்த முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்

குட்டி கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நான் விட்டதுதான் முதல் தவறு. முதல் வாரத்தில் மூன்று வேலைகள் நடக்க வேண்டும்: வயதைக் கணிப்பது, குடற்புழு மருந்து கொடுப்பது, தடுப்பூசிக்குத் தேதி குறிப்பது.

குடற்புழுவை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நாய்க்குட்டி, பூனைக்குட்டியின் வயிற்றில் இருக்கும் உருண்டைப்புழுவின் முட்டை மண்ணிலும் தரையிலும் கலந்து, குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போகிறது. உள்ளே பொரியும் புழு ஈரலுக்குப் போகலாம், சில சமயம் கண்ணுக்கும் போகலாம். குட்டிகளுக்கு இரண்டு மாத வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதாமாதம், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவாக எல்லா மருத்துவர்களும் சொல்லும் கணக்கு. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்து மீதமான பாட்டிலை வாங்கி ஊற்றாதீர்கள்.

ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில். அப்புறம் பூஸ்டர், அதன் பிறகு ஆண்டுதோறும். மூன்று மாதம் ஆகாத குட்டிக்கு ரேபிஸ் இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. தெருவில் பிறந்த குட்டியைத் தாயோ தெரு நாயோ எப்போது கடித்தது என்று யாருக்குத் தெரியும்?

செலவு: தனியார் கால்நடை மருத்துவரிடம் எங்களுக்கு ஆலோசனைக் கட்டணமும் புழு மருந்தும் சேர்த்து ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது, ரேபிஸ் ஊசிக்குத் தனியாகச் சில நூறு. அரசு கால்நடை மருந்தகங்களில் இதைவிட மிகக் குறைவு. விலங்குவழி நோய்களுக்கான உலக தினமான ஜூலை 6, உலக ரேபிஸ் தினமான செப்டம்பர் 28 ஆகிய தேதிகளையொட்டி இலவச ரேபிஸ் ஊசி முகாம்கள் பல ஊர்களில் நடக்கின்றன. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போய்விட்டால் நல்லது.

ஊசி போட்டதும் தேதி, மருந்துப் பெயர் ஸ்டிக்கர், மருத்துவர் கையெழுத்து, முத்திரை நான்கும் அட்டையில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். உடனே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் செல்லப் பிராணிக்கு உரிமம் எடுக்க வேண்டும். அதற்கும் இந்தத் தடுப்பூசிச் சான்றுதான் கேட்பார்கள்.

2. மடியில், கட்டிலில், முகத்தில்: எது வரை சரி

கொஞ்சவே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. காயமில்லாத தோலைத் தொடுவதாலோ நக்குவதாலோ ரேபிஸ் வராது. பஞ்சு இன்றும் எங்கள் மடியில்தான் தூங்குகிறது. ஆனால் சில எல்லைகளை இப்போது கறாராக வைத்திருக்கிறோம்.

முகத்தை நக்க விடுவதில்லை. வாய், மூக்கு, கண் இவற்றின் உட்பகுதி ஈரத்தோல். அங்கே உமிழ்நீர் படுவதும் திறந்த புண்ணில் படுவதும் ஒன்றுதான். ‘நாய் நாக்கு பட்டால் புண் ஆறும்’ என்ற பேச்சை நம்பி ஆறாத புண்ணை நக்க விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். மண்ணீரலை அறுவை செய்து எடுத்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு நாய் வாயில் இயல்பாகவே இருக்கும் ஒருவகைக் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கட்டிலைப் பொறுத்தவரை, புழு மருந்தும் உண்ணி மருந்தும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் பெரியவர்கள் தங்கள் விருப்பப்படி செய்யலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் படுக்கும் கட்டிலில் வேண்டாம். பூனையால் வரும் ஒவ்வாமைக்கு முடியைக் குறை சொல்கிறோம். அது நக்கி நக்கி உடம்பில் பூசிக்கொள்ளும் உமிழ்நீரில்தான் அந்தப் பொருள் இருக்கிறது. அது காய்ந்து தூளாகித் தலையணையில் தங்குகிறது.

உண்ணி மருந்தில் ஒரு கண்ணி உண்டு. நாய்களுக்கென்று விற்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு விஷம். வீட்டில் இரண்டும் இருந்தால் அட்டையைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்திவிடச் சொல்லிச் சண்டையே நடக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி, தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். அதனால் மலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேகாத கறியிலிருந்தும் தோட்ட மண்ணிலிருந்தும் இதே கிருமி வரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

3. படர்தாமரை வந்தால் மருந்துக்கடை களிம்பு வேண்டாம்

மகள் முழங்கையில் முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவு வட்டம். ஓரம் சிவந்து லேசாகப் பொருக்குத் தட்டி, நடுவில் தோல் தெளிவாக இருந்தது. பெரியவர்களுக்கு வரும் சாதாரண அரிப்பு என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரத்தில் அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேமல் போலப் பரவி, கழுத்திலும் ஒன்று வந்துவிட்டது.

தோல் மருத்துவர் டியூபைக் கையில் வாங்கித் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு பெயரைக் காட்டினார். அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அது அடக்கிவிடும், படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை மட்டும் அடியில் சுகமாக வளரும். வட்டம் தெரியாமல் போவதால் மருத்துவருக்கே கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். ஆகவே தோல் மருத்துவரிடம் போகும்போது ஏற்கெனவே தடவிய டியூபைத் தூக்கி எறியாமல் எடுத்துப் போங்கள்.

பூஞ்சைக்கான களிம்பை வட்டம் மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை தடவ வேண்டும். எங்களுக்கு மொத்தம் ஐந்து வாரம் ஆனது. குழந்தைக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுப் பூனையை விட்டுவிட்டால் திரும்ப வரும். பஞ்சுவின் காது ஓரத்தில் கடுகளவு முடி உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். நான் கவனிக்கவே இல்லை. அதற்கும் மருந்து போட்டோம். தலையணை உறை, போர்வை, அது படுக்கும் சாக்கு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டோம். பூஞ்சை ஒட்டிய முடி வீட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். சோபா இடுக்கையும் விடாதீர்கள்.

4. கீறல், கடி: முதல் 15 நிமிடம்

குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் குழந்தை அழும்போது இரண்டு நிமிடமே பத்து நிமிடம் மாதிரி இருக்கும். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். எந்தச் சோப்பானாலும் சரி. கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் இருந்தால் போடலாம்.

எங்கள் அத்தை பதறிப்போய் மஞ்சள் டப்பாவோடு ஓடி வந்தார். “வீட்டுப் பூனைதானேம்மா, மஞ்சள் வெச்சா ஆறிடும்” என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவர் வளர்ந்த வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காபித் தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். புண் எரிவதைத் தவிர வேறு பயன் இல்லை. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காயம் பெரிதாக இருந்தாலும் உடனே தையல் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தையல் அவசியமென்றால் கிருமியைக் காயத்திலேயே மடக்கும் எதிர்ப்புப் புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியைக் காயத்தில் செலுத்திய பிறகுதான் போடுவார்கள்.

5. ஊசி வேண்டுமா என்பதைக் காயம் சொல்லும்

இங்கேதான் நான் சறுக்கினேன். பூனை எவ்வளவு செல்லம் என்று யோசித்தேன், காயத்தைப் பார்க்கவில்லை. மருத்துவர்கள் உலகம் முழுக்க மூன்று வகையாகத்தான் பிரிக்கிறார்கள்.

முதல் வகை, தொட்டது, உணவு ஊட்டியது, காயமில்லாத தோலை நக்கியது. ஊசி தேவையில்லை, கழுவினால் போதும்.

இரண்டாம் வகை, ரத்தம் வராத சின்னக் கீறல், திறந்த தோலில் மெல்லக் கவ்வியது. தடுப்பூசி வேண்டும்.

மூன்றாம் வகை, தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணை நக்கியது, வாய் கண்ணில் உமிழ்நீர் பட்டது. தடுப்பூசியோடு எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமியைக் காயத்திலேயே மடக்க அந்த இரண்டாவது ஊசி.

என் மகளுடையது ஒரு அங்குலம்கூட இல்லாத கோடு. துடைத்தால் துணியில் ஊசிமுனை அளவு இரண்டு சிவப்புப் புள்ளி. ஆனாலும் அது மூன்றாம் வகை.

சனிக்கிழமை காலை ஒரு கிளினிக்கில் டி.டி. ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். நாங்களும் ‘ஊசி போட்டாச்சு’ என்று இருந்துவிட்டோம். டி.டி. என்பது டெட்டனஸுக்கு, ரேபிஸுக்கு அல்ல. எங்கே ஊசி போட்டாலும் “இது எதற்கான ஊசி?” என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். ஞாயிறு இரவு ஒரு தோழி போனில் விசாரித்தபோதுதான் எனக்கே உறைத்தது.

சந்தேகமாக இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோமே என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம், அட்டையைக் காட்டி மருத்துவரை முடிவெடுக்க விடுங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அறிகுறி வரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம் என்பதால், நாள் தள்ளிவிட்டோமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடவும் கூடாது. எத்தனை நாள் கழித்து நினைவு வந்தாலும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

6. ஆஸ்பத்திரியில்: என்ன எடுத்துப் போவது, என்ன நடக்கும்

நாய்க்கடி ஊசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். சீட்டில் ஏ.ஆர்.வி. என்று எழுதுவார்கள். பூனைக் கீறலுக்கும் அதே ஊசிதான். வரிசையில் நின்று ‘பூனைதான், நாய் இல்லை’ என்று தயங்காதீர்கள். எதிர்ப்புப் புரத ஊசி எல்லாச் சிறிய நிலையங்களிலும் இருக்காது. மூன்றாம் வகை என்றால் தாலுகா அல்லது மாவட்ட அளவிலான மருத்துவமனைக்கு நேராகப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், போன், பிராணியின் தடுப்பூசி அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை, தற்போது எடுக்கும் மருந்துச் சீட்டுகள். கடித்த தேதி, நேரம், வளர்ப்பா தெருவா, சீண்டியதால் கடித்ததா சும்மாவே கடித்ததா என்று கேட்பார்கள். குழந்தையின் எடை தெரிந்திருந்தால் நல்லது. எதிர்ப்புப் புரத ஊசியின் அளவு எடையை வைத்துத்தான்: குதிரையிலிருந்து எடுப்பது கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுப்பது 20. அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் குதிரையிலிருந்து எடுத்தது இருக்கும். தனியாரில் மனிதரிடமிருந்து எடுத்ததற்குச் சில ஆயிரங்கள் ஆகும். தடுப்பூசி மருந்து ஒன்றுக்குத் தனியாரில் முந்நூறு, நானூறு ரூபாயாவது வைத்துக்கொள்ளுங்கள், போடும் கட்டணம் தனி.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அந்த மருந்தே இப்போது இல்லை. அரசு மருத்துவமனையில் இரண்டு மேல் கைகளிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் போடுகிறார்கள். கொசு கடித்தது போல ஒரு சின்ன மேடு எழும்பும், அப்படி எழும்பினால்தான் சரியாகப் போட்டதாக அர்த்தம். “இவ்வளவுதானா மருந்து?” என்று எனக்கு முன்னால் நின்ற ஒருவர் செவிலியரிடம் சண்டைக்குப் போனார். தோலுக்குள் போடும் முறைக்கு அந்த அளவுதான். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. பிட்டத்தில் இந்த ஊசியைப் போடக் கூடாது, யாராவது அப்படிப் போட வந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

எதிர்ப்புப் புரத ஊசிதான் வலிக்கும். காயத்துக்குள்ளும் சுற்றிலும் குத்துவார்கள். மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தை என் தோளில் புதைத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடம்தான். அதன் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள். மூச்சுத்திணறல், தடிப்பு வருகிறதா என்று பார்ப்பதற்காக. கிளம்பும் அவசரத்தில் அதைத் தவிர்க்காதீர்கள். முதல் நாளில் இந்த ஊசி கிடைக்காவிட்டால், முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பயனில்லை.

நாள் கணக்கில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28. பூஜ்ஜியம் என்பது கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள். எங்களுக்குத் திங்கட்கிழமை பூஜ்ஜியம். அடுத்தது வியாழன், அதற்கடுத்தது மறு திங்கள், கடைசி அதிலிருந்து மூன்று வாரம் கழித்து வரும் திங்கள். தனியாரில் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து முறை. பாதியில் ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாறும்படி செய்யாதீர்கள். வெளியூர் போக நேர்ந்தால் அட்டையைக் காட்டி அதே முறையில் போடுமிடம் எது என்று விசாரித்துப் போங்கள்.

புறநோயாளிப் பிரிவு மதியத்தோடு மூடிவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். ஊசி நாள் ஞாயிறிலோ பண்டிகையிலோ விழுந்தால் எங்கே வருவது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். கடைசி ஊசிக்கு வராமல் விடுகிறவர்கள்தான் அதிகம் என்று செவிலியர் சொன்னார். காயம் ஆறி, எல்லாம் மறந்து போயிருக்கும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும். பத்தியம் எதுவும் கிடையாது. முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம்.

7. பிராணியைப் பத்து நாள் கண்ணெதிரே வைத்திருங்கள்

கோபத்தில் பூனையை எங்காவது கொண்டு போய் விட்டுவிடாதீர்கள். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் ரேபிஸ் இருந்திருக்காது. நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான் இந்தக் கணக்கு, குரங்குக்கோ மற்றவற்றுக்கோ பொருந்தாது. பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பத்து நாள் கழித்து மீதி ஊசிகளை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார்.

பஞ்சு தின்கிறதா, குடிக்கிறதா, குரல் மாறுகிறதா, இருட்டில் போய் ஒளிகிறதா என்று ஒரு காலண்டரில் தினமும் எழுதினோம். பத்தாம் நாள் அது ஜன்னல் திண்டில் பல்லியைத் துரத்திக்கொண்டிருந்தது. அன்றிரவுதான் நான் சரியாகத் தூங்கினேன்.

இந்த நாட்களில் மனிதரின் காயத்தையும் பாருங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே சின்னத் துளைதான் தெரியும். ஒரே நாளில் வீங்கிச் சிவந்து வலித்தால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். கீறி ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி, காய்ச்சலும் வந்தால், ‘பூனை கீறியது’ என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பூனைக் கீறல் காய்ச்சல் என்றே ஒன்று உண்டு. பூனையின் தெள்ளுப்பூச்சியின் எச்சம் நகத்தில் ஒட்டி அதன் வழியாக வருவது. சொல்லாவிட்டால் வேறு எதற்கோ சோதனை மேல் சோதனையாக ஓடும்.

8. சீட்டுகளை ஒரே உறையில் வையுங்கள்

ஏ.ஆர்.வி. அட்டையை 28ஆம் நாளோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முழுதாகப் போட்டுக்கொண்டவரை மறுபடி நாய், பூனை கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், வலிக்கும் அந்த எதிர்ப்புப் புரத ஊசி தேவையில்லை. ஆனால் அட்டை இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் மகளின் அட்டை, பஞ்சுவின் தடுப்பூசி அட்டை, புழு மருந்துத் தேதி எழுதிய தாள் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் உறையில், குழாய்க்கு மேலே உள்ள அலமாரியில் இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு புதுச் சோப்பும் இருக்கிறது.